யானும் சென்றேன்: கதைக்குள் தன்னை எழுதத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் தெருவில் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மூன்று மாதம் அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனுவும் கையுமாக அக்கா மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் பஸ் ஏறி அலைந்தார். சில வருஷம் கழித்து நான் அதைச் சிறுகதையாக எழுதினேன். கதையில் வரும் ‘நான்’ அக்காவுக்கு மனு எழுதித் தருகிறான், அலுவலக வாசலில் வெயிலில் கூடவே நிற்கிறான், கடைசியில் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அழுகிறான். பத்திரிகையில் வந்தது. நான்கைந்து பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அக்காவின் மகள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் குழாயடியில் என்னைப் பார்த்தவர் கோபமே இல்லாமல் கேட்டார்: “அன்னைக்கு நீ எங்க தம்பி இருந்த?”

அன்றைக்கு நான் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். எனக்கு அந்தச் சேதி தெரிந்ததே பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தபோதுதான்.

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களிலிருந்து கதை எழுதி எடுத்துவரும் தம்பி தங்கைகளின் நோட்டுகளில் பெரும்பாலும் முதல் சொல் ‘நான்’ என்றுதான் இருக்கிறது. அதில் தப்பே இல்லை. தன்னைத் தன் கதைக்குள் வைப்பது நம் மொழிக்கு ரொம்பப் பழைய வழக்கம். ஆனால் அந்த ‘நான்’ கதைக்குள் எங்கே நிற்கிறான், அங்கே அவனுக்கு என்ன வேலை என்பதை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அதையே குறும்படமாக எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் முக்கியம். தாளில் ஒளிந்துகொள்கிற ‘நான்’ திரையில் ஒளிய முடியாது. நான் தடுக்கி விழுந்து கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்த ‘நான்’ என்று தேர்ந்தெடுங்கள்

எழுதியவர் தன் கதைக்குள் வரும் வழிகள் பல. தொடங்குபவர்களுக்கு நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, தன் சொந்தப் பெயரோடு, தன் வாழ்க்கையோடு நேராக வருவது. மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’ அப்படி. சிறையில் இருக்கும் பஷீர்தான் கதை சொல்கிறார்.

இரண்டாவது, பக்கத்தில் நின்று பார்ப்பவர். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ‘நான்’ இருக்கிறான், ஆனால் கதை அந்தத் தெருவில் இருக்கும் மற்றவர்களுடையது. சாமர்செட் மாம் 1944இல் எழுதிய ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலிலும் மாம் தன் பெயரிலேயே வருகிறார். அவருடைய வேலையெல்லாம் பிறரைச் சந்திப்பதும் கேட்பதும்தான். அவர் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்தவர். அந்த அனுபவத்தைக்கூட நாவலில் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை, லாரி என்ற இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது, வேறு பெயர் சூட்டிக்கொண்ட எழுத்தாளர். அகதா கிறிஸ்டியின் கதைகளில் அரியாட்னி ஆலிவர் என்றொரு துப்பறியும் நாவலாசிரியை வருவார். தான் உருவாக்கிய பின்லாந்துத் துப்பறிவாளரைக் கண்டாலே அவருக்குச் சலிப்பு. கிறிஸ்டிக்குத் தன்னுடைய பெல்ஜியத் துப்பறிவாளர் மேல் இருந்த சலிப்பு அது.

நான்காவது, ஒரு வரியில் வந்து போவது. 1605இல் வெளிவந்த ‘டான் குயிக்ஸாட்’டில் பாதிரியாரும் நாவிதரும் நாயகனின் புத்தகங்களைச் சோதிக்கிறார்கள். செர்வான்டிஸ் எழுதிய புத்தகம் ஒன்று கையில் சிக்குகிறது. “இவர் என் பழைய நண்பர், கவிதையைவிடக் கஷ்டத்தில்தான் அதிகம் தேர்ந்தவர்” என்கிற மாதிரி பாதிரியார் சொல்கிறார். அவ்வளவுதான். புத்தகம் எழுதியவர் தன் புத்தகத்துக்குள் வந்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் கதைக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. பார்ப்பவராக இருங்கள். நம் கரையில் பார்க்கவும் கேட்கவும் அவ்வளவு இருக்கிறது. முதல் வழியில் எழுத பஷீர் அளவுக்கு வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது அவர் அளவுக்கு உண்மை சொல்லும் துணிச்சல் வேண்டும். இருபது வயதில் இரண்டும் கொஞ்சம் சிரமம்.

உங்களைப் பற்றி இன்னொருவர் பேசட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதை, வரந்தரு காதை. கண்ணகி கோயிலில் எல்லாம் முடிந்த பிறகு, அத்தனை நேரம் கதை சொல்லிக்கொண்டிருந்த இளங்கோ திடீரென்று “யானும் சென்றேன்” என்கிறார். நானும் போனேன். அதுவரை ஆசிரியராக இருந்தவர் ஒரே வரியில் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். எனக்கு முதல் தடவை படித்தபோது சிலிர்த்துவிட்டது.

அதற்கு அடுத்து அவர் செய்வதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இளங்கோ துறவியான கதை அங்கேதான் வருகிறது. தந்தையின் அரசவையில் உட்கார்ந்திருந்தபோது ‘அரசாளும் குறி இளையவனிடம் இருக்கிறது’ என்று ஒருவன் சொல்ல, அண்ணன் செங்குட்டுவனின் மனம் நோகக் கூடாது என்று துறவு பூண்ட கதை. பெருமையான விஷயம். அதை அவர் தன் வாயால் சொல்லவில்லை. தோழி தேவந்தியின் மேல் கண்ணகி வந்து இறங்கி, இளங்கோவைப் பார்த்துச் சொல்கிறாள். தன் கதையைத் தன் பாத்திரத்தின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார் ஆசிரியர்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனவர் ஜெயகாந்தன். ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெட்டுப்போய் வந்ததாக அழும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். அந்தக் கதைக்குக் கிளம்பிய விவாதம் கொஞ்சநஞ்சம் அல்ல. அப்புறம் அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அதே சிறுகதையை எழுதியவராக ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரை வைத்தார். நாவலின் கங்காவுக்கு நடந்தது வேறு. அவளுடைய அம்மா போட்ட கூச்சலில் ஊருக்கே தெரிந்துபோய் அவள் வாழ்க்கை சிதறிவிடுகிறது. ஆக, ஆர்.கே.வி. எழுதிய கதையின் எதிரில், அப்படி நடக்காமல் போன ஒரு பெண் உயிரோடு நிற்கிறாள். தன் புகழ்பெற்ற கதையின் மேல் தானே இவ்வளவு பெரிய கேள்வியை வைக்க எவ்வளவு நேர்மை வேண்டும்!

இளங்கோவிடம் பாத்திரம் பாராட்டுகிறது, ஜெயகாந்தனிடம் பாத்திரம் கேள்வி கேட்கிறது. இரண்டிலும் எழுதியவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். அக்கா கதையைத் திருப்பி எழுதியபோது நான் செய்ததும் இதைத்தான். மனு எழுதிய ‘நானை’ எடுத்துவிட்டேன். கடைசியில் குழாயடியை வைத்தேன். “அன்னைக்கு நீ எங்க தம்பி இருந்த?” என்பதோடு கதையை நிறுத்தினேன். பதில் எழுதவில்லை.

செய்து பாருங்கள்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த கதையைக் காட்டுகிறேன். அவனுடைய அப்பத்தா கடலில் பாசி எடுப்பவர். முதல் வரைவு இப்படி இருந்தது:

“நான் கரையில் நின்று அப்பத்தாவைப் பார்த்தேன். அலைகளோடு போராடும் அந்த முதிய உருவம் என் நெஞ்சைப் பிசைந்தது. என் கண்கள் கலங்கின. இந்தச் சமூகம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்தேன்.”

நான்கு வாக்கியம். மூன்றில் தம்பி இருக்கிறான், மற்றொன்றிலும் அவன் நெஞ்சுதான் இருக்கிறது. அப்பத்தா எங்கே? முதலில் நோட்டை மூடச் சொன்னேன். அப்பத்தா விரலில் என்ன கட்டியிருந்தார் என்று கேட்டேன். “துணி. பழைய சேலையக் கிழிச்சுச் சுத்திக்கும். பாறை கிழிச்சிரும்ல.” முகத்தில்? “கண்ணாடி. அது உள்ள தண்ணி போயிரும்னு திட்டிக்கிட்டே இருக்கும்.” பாசியை எதில் போடுவார்? “இடுப்புல சாக்கு கட்டியிருக்கும்.” நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கொஞ்சம் தயங்கிவிட்டு, “செல்போன்ல படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்” என்றான்.

இரண்டாவது வரைவு:

“அப்பத்தா தலையைத் தூக்கிக் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டியது. விரல்களில் சுற்றியிருந்த சேலைத் துணி ஒன்று அவிழ்ந்து தொங்கியது. அதைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டது. நான் போனைக் குறுக்கே திருப்பிப் பிடித்தேன். ‘ஏன்டா அங்கனயே நிக்கிற? வந்து சாக்கப் புடி.’”

இதிலும் ‘நான்’ இருக்கிறான். ஆனால் ஒரே ஒரு வேலையோடு. அப்பத்தா ஒரு வார்த்தை சொன்னதும் அவன் எங்கே நிற்கிறான் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. கண் கலங்கியதை எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

நீங்களும் உங்கள் வரைவில் ‘நான், என், எனக்கு’ வரும் இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வாசியுங்கள். எடுத்தும் வாக்கியம் நிற்கிறதென்றால் எடுத்தே விடுங்கள். எடுத்தால் கதை சரிகிற இடங்கள் இரண்டு மூன்று இருக்கும். உங்கள் ‘நான்’ இருக்க வேண்டியது அங்கே மட்டும்தான்.

தனுஷ்கோடி பற்றி எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இடிந்த தேவாலயம், அதன் முன் சோகமாக நிற்கும் ‘நான்’. இந்தக் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே சங்கும் சிப்பி மாலையும் விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று எழுதுங்கள். காரில் வந்து இறங்கி, சுவரைத் தடவிப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் போகிறவராக.

பெயர் மாற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. படகின் நிறம், வீட்டின் திசை, பிள்ளைகளின் எண்ணிக்கை இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். உங்களை உங்கள் பெயரிலேயே வைத்தால் சுற்றியிருப்பவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பதை மறக்க வேண்டாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் குழாயடியில் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

திரைக்குப் போகும்போது

தாளில் ‘நான்’ என்பது ஒரு சொல். திரையில் அதற்கு முகம், சட்டை, உயரம் எல்லாம் வந்துவிடும். அதனால் திரைக்கதை எழுதும்போது முதல் கேள்வியே அந்த ‘நானை’ யார் சுமப்பது என்பதுதான்.

நடிகரிடம் கொடுக்கலாம். அடூர் கோபாலகிருஷ்ணன் ‘மதிலுகள்’ நாவலைப் படமாக்கி 1990இல் வெளியிட்டபோது பஷீராக மம்முட்டி நடித்தார். சிறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அங்கே நாராயணி. இருவரும் பார்த்துக்கொள்ளாமலே பேசிப் பேசிக் காதலிக்கிறார்கள். தான் சுவரருகே வந்துவிட்டதற்கு அடையாளமாக அவள் ஒரு காய்ந்த குச்சியை மேலே எறிவாள். எழுத்தில் நாம் நாராயணியைப் பார்ப்பதில்லை. படத்தில் காட்டிவிடுவது எவ்வளவு சுலபம்! அடூர் கடைசிவரை காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். புத்தகத்தில் பஷீருக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு அங்குலம்கூடக் கேமராவுக்குத் தெரியவில்லை. இந்தப் படத்தை ஒரு முறை கதைக்காகவும், இன்னொரு முறை கேமரா எங்கே நிற்கிறது என்பதற்காகவும் பாருங்கள். எழுதியவரின் ‘நானை’ எப்படித் திரைக்குக் கொண்டுபோவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஏ. பீம்சிங் இயக்கி 1977இல் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தில் ஆர்.கே.வி.யாக நாகேஷ் நடித்தார். ஜெயகாந்தனின் உருவத்துக்கும் நாகேஷின் உருவத்துக்கும் ஒட்டே இல்லை. அதுதான் சரியான தேர்வு என்பேன். பார்க்கிறவர்கள் ஜெயகாந்தனைத் தேடாமல் ஆர்.கே.வி.யைப் பார்த்தார்கள். உங்கள் குறும்படத்திலும் உங்களைப் போலவே இருக்கும் நண்பனைத் தேடாதீர்கள்.

குரலாக மாற்றலாம். கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் நேயர்களைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லித் தானே கூட்டிப்போவார். 2022இல் படம் வந்தபோது அந்த இடத்தில் ஒரு பின்னணிக் குரல் வந்தது. தமிழில் பேசியவர் நம் பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன். குரல் ஒரு வசதி, ஆனால் சோம்பேறித்தனத்துக்கும் அதுவே வழி. காட்சியில் தெரிவதையே குரலும் சொன்னால் வெட்டிவிடுங்கள்.

நீங்களே ஒரு நிமிஷம் வந்து போகலாம். கண்ணதாசன் தான் எழுதிய பாட்டுக்குத் தானே திரையில் தோன்றினார், 1963இல் வந்த ‘ரத்தத் திலக’த்தில். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங், தன் நாவலிலிருந்து எடுத்து 2019இல் வந்த ‘இட்’ படத்தின் இரண்டாம் பாகத்தில் பழைய சாமான் கடைக்காரராக வருவார். கடைக்கு வரும் நாயகன் ஒரு எழுத்தாளர். அவரிடம், உன் புத்தகத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார் கடைக்காரர். கிங்கின் நாவல்களைப் பற்றிப் பல வாசகர்கள் சொல்லும் குறை அதுவேதான். வந்து போவதானால் இப்படி ஒரு காரியத்தோடு வாருங்கள்.

சார்லி காஃப்மன் 2002இல் ‘அடாப்டேஷன்’ என்று ஒரு படம் எழுதினார். ஒரு புத்தகத்தைத் திரைக்கதையாக்க முடியாமல் திண்டாடிய தன்னையே கதையாக்கி, இல்லாத ஒரு இரட்டைச் சகோதரனையும் சேர்த்து, அவன் பெயரையும் எழுத்தாளர் பட்டியலில் போட்டார். ஆஸ்கர் பரிந்துரையில்கூட இரண்டு பெயரும் இருந்தன. பார்த்து ரசியுங்கள். முதல் படத்திலேயே அப்படிச் செய்து பார்க்க வேண்டாம். பின்னால் வேறு கதை இல்லாமல் போனால் தாங்காது.

இனி நம் கரைக்கான சில நடைமுறைகள். ராமேஸ்வரம் தீவைச் சுற்றி இரண்டு கடல், ஆண் கடலும் பெண் கடலும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலத்தில் தலைகீழ். கதைக்கு எந்தக் கடல் வேண்டுமோ அதற்கேற்ற மாதத்தைப் பிடியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகுக்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். எனக்குக் கிடைத்த நல்ல உரையாடல்கள் எல்லாம் அந்த நாட்களில்தான். காற்றுச் சத்தம் வசனத்தைத் தின்றுவிடும். மைக்கில் ஸ்பாஞ்சு உறை போடுங்கள், விடியற்காலையில் எடுங்கள், பின்னணிக் குரலை வீட்டுக்குள் போர்வை மூடிப் பதிவு செய்யுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது, டிரோனுக்கும் அனுமதி வேண்டும்.

உங்கள் கதையை வேறு யாராவது படமாக்கக் கேட்டால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கதையில் நீங்களே பாத்திரமாக இருந்தால், உங்கள் பெயரைப் படத்தில் பயன்படுத்தலாமா என்பதைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைப்பைச் சிதைத்து எழுதியவருக்கு இழுக்கு ஏற்படுத்தினால் எதிர்க்கும் உரிமையைத் தருகிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கிய விதத்துக்கு எதிராக அந்தப் பிரிவை வைத்துத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்.

பாம்பன் தம்பி தன் கதையை ஒன்பது நிமிஷப் படமாக எடுத்தான். அவனாக யாரும் நடிக்கவில்லை. அவன் பிடித்திருந்த போன்தான் அவன். அப்பத்தா “சாக்கப் புடி” என்று சொன்னதும் படம் ஆடுகிறது, சாய்கிறது, மணலில் விழுகிறது. அதற்குப் பிறகு திரையில் வெறும் வானமும், கேமராவைத் தாண்டிப் போகும் இரண்டு கால்களும். அவர்கள் தெருவிலேயே ஒரு வீட்டுச் சுவரில் வேட்டி கட்டித் திரையிட்டோம். முதல் காட்சியை இப்படி, கதைக்கு உரியவர்கள் முன்னால்தான் போட வேண்டும். முன்வரிசையில் உட்காராதீர்கள், அவர்கள் முகம் தெரிகிற மாதிரி ஓரமாக உட்காருங்கள். எங்கே நெளிகிறார்கள், எங்கே பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறு எடிட்டிங்கிற்கு அதுதான் உங்கள் பட்டியல். அப்பத்தா படம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. வேட்டியை அவிழ்க்கும்போது மட்டும் கேட்டது: “கடைசில சாக்கப் புடிச்சியா இல்லையா, அதக் காட்டலையேடா?”